புது மேனிஃபோல்டு வாங்கும் முன் பழையதைக் கழற்றிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய தன் டீசல் இன்னோவாவுக்கு இழுவை குறைந்துவிட்டது என்று ஒரு வாசகர் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் கேட்டிருந்தார். ‘இன்டேக் மேனிஃபோல்டு அடைத்திருக்கும். வெளிச்சந்தையில் கிடைக்கும் பெரிய வாய் கொண்ட ஹை ஃப்ளோ மேனிஃபோல்டை வாங்கி மாட்டுங்கள், முன்பைவிடக் கூடுதலாகவே பிக்கப் வரும்’ என்று பதில் வந்திருந்தது. எஞ்சினுக்கு வரும் காற்றை ஒவ்வொரு சிலிண்டரின் வாய்க்கும் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதிதான் இன்டேக் மேனிஃபோல்டு. பதிலின் முதல் பாதி சரியாக இருக்கலாம். இரண்டாம் பாதி தவறு. அதைப் படித்துவிட்டுப் பணத்தோடு கடைக்குக் கிளம்புகிறவர்கள் இருப்பார்கள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் போதவில்லை என்று வெட்ட நேர்ந்தால், எஞ்சினுக்குள் போகும் திரவத்தையும் மணலையும் பற்றிய பகுதிகளில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் மேனிஃபோல்டின் குழாய் நீளம், வளைவு, காற்று தேங்கும் அறையின் கொள்ளளவு எல்லாம் பேசத் தகுந்தவை. அங்கே எஞ்சினே காற்றை உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சலில் எழும் அலை சரியான நேரத்தில் வால்வு வாசலுக்கு வந்து சேர்ந்தால் சில குதிரைத்திறன் கூடும். டர்போ டீசலில் காற்றைத் தள்ளுவது, வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் பம்பான டர்போ. ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது மேனிஃபோல்டுக்குள் வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தம் நிற்கும். எவ்வளவு டீசல் தெளிப்பது என்பதை எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ முடிவு செய்கிறது. ஏர் ஃப்ளோ சென்சாரோ மேனிஃபோல்டு அழுத்த சென்சாரோ ‘காற்று குறைவு’ என்று சொன்னால், கரும்புகை வராமலிருக்க டீசலைக் குறைக்கும். காற்று கூடுதலாக வந்தாலோ, தனக்கு எழுதி வைத்திருக்கும் உச்சவரம்புக்கு மேல் ஒரு சொட்டும் தராது. ஆகவே அடைப்பை எடுத்தால் போன இழுவை திரும்பும். வாயைப் பெரிதாக்கினால் புதிதாக எதுவும் வராது. இன்னோவாவின் 2,494 சிசி எஞ்சின் 102 குதிரைத்திறனும் 200 நியூட்டன் மீட்டரும் தந்தது, கம்பெனி போட்டுக் கொடுத்த அதே அலுமினிய மேனிஃபோல்டோடுதான்.

பெரிய அறை கொண்ட மேனிஃபோல்டு போட்டால் டர்போ லேக் (மிதித்த பிறகு இழுவை வரும் தாமதம்) பயங்கரமாகக் கூடும் என்று ஹை ஃப்ளோவை எதிர்ப்பவர்கள் சொல்வதும் மிகைதான். 2.5 லிட்டர் எஞ்சின் 1,500 ஆர்பிஎம்மில் நொடிக்குச் சுமார் 31 லிட்டர் காற்றை விழுங்குகிறது. அறையின் கொள்ளளவு 3 லிட்டர் கூடினால், அதை நிரப்ப நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். நஷ்டமும் பெரிதில்லை, லாபமும் இல்லை. இல்லாத லாபத்துக்குக் காசு கொடுப்பானேன்?

சரி, அடைப்பு எவ்வளவு கெடுக்கும்? 35 மி.மீ. விட்டமுள்ள வாயில் சுற்றிலும் 5 மி.மீ. கார்பன் ஏறினால் மிஞ்சும் துளை 25 மி.மீ. பார்க்கப் பெரிதாகக் குறைந்த மாதிரி தெரியாது. ஆனால் காற்று போகும் பரப்பு பாதியாகிவிடுகிறது. 8 மி.மீ. ஏறினால் துளை 19 மி.மீ. ஆகும், அப்போது பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. இது நான்கு சிலிண்டருக்கும் ஒரே அளவில் நடப்பதில்லை. பெரும்பாலும் ஈஜிஆர் (எரிந்த புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் அமைப்பு) புகை வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்து வாய்க்குத்தான் முதலில் மூச்சு முட்டும். ஐடிலிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) எஞ்சின் ஒரு பக்கமாகக் குலுங்குவதும், 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே வண்டி சோம்பிக் கிடந்துவிட்டுப் பிறகு திடீரென்று எழுவதும், மேட்டில் கரும்புகை கக்குவதும் இதனால் இருக்கலாம்.

இந்தக் கார்பன் எப்படி உண்டாகிறது என்பது தெரியாமல் எந்த மேனிஃபோல்டை மாட்டினாலும் பயனில்லை. ஈஜிஆர் வழியாக வருவது உலர்ந்த கரித்தூள். அது தனியாக வந்தால் பெரும்பகுதி காற்றோடு எஞ்சினுக்குள் போய் எரிந்துவிடும். கிராங்க் கேஸ் ப்ரீதர் (எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியே விடும் குழாய்) வழியாக வருவது எண்ணெய் ஆவி. அது தனியாக வந்தால் சுவரில் ஒரு மினுமினுப்போடு நின்றுவிடும். இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும்போதுதான் தார் உண்டாகிறது. கழற்றிய மேனிஃபோல்டுக்குள் விரலை விட்டுப் பாருங்கள்: மேல் அடுக்கு பிசுபிசுவென்று ஒட்டும்; சுவரை ஒட்டிய அடி அடுக்கை ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் கரித்துண்டு போலப் பொரிந்து விழும். பிசுபிசுப்பு அதிகமென்றால் எண்ணெய்ப் பக்கம் கோளாறு. உலர்ந்து பொடியாக உதிர்ந்தால் ஈஜிஆர் பக்கம் கோளாறு.

எண்ணெய்ப் பக்கம் பார்க்க வேண்டியவை: ப்ரீதர் குழாயில் உள்ள ஆயில் பிரிப்பான், டர்போவின் சீல், ஆயில் மட்டம். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றுவது நம் ஊரில் பெருந்தன்மையாகக் கருதப்படுகிறது. அந்தக் கூடுதல் ஆயில்தான் ஆவியாகி மேனிஃபோல்டுக்கு வருகிறது. டர்போவிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் ஈரம் பூசினாற்போல இருந்தால் அது இயல்பு. சாய்த்தால் வடிந்து ஊற்றினால் டர்போ சீல் அல்லது ப்ரீதர் போய்விட்டது. டர்போவின் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் உள்ள வண்டியில் அதன் அடிப்பக்கம்தான் எண்ணெய் தேங்கும் இடம். இந்தியாவில் விற்ற 2.5 லிட்டர் இன்னோவாவில் இன்டர்கூலர் இல்லை. டர்போவிலிருந்து வரும் சூடான காற்றும் அதோடு சேர்ந்த எண்ணெயும் நேராக மேனிஃபோல்டுக்கே போகின்றன.

ஈஜிஆர் பக்கம் முக்கியக் குற்றவாளி, மூடாமல் நிற்கும் வால்வு. அடுத்தது வண்டி ஓடும் விதம். ஈஜிஆர் அதிகம் திறந்திருப்பது ஐடிலிங்கிலும் லேசான மிதியிலும். விமான நிலைய வரிசையில் ஏசிக்காக எஞ்சினை மணிக்கணக்கில் ஓடவிடும் டாக்ஸியின் மேனிஃபோல்டும், நெடுஞ்சாலையில் சுமையோடு ஓடும் அதே மாடலின் மேனிஃபோல்டும் ஒரே கிலோமீட்டரில் ஒரே மாதிரி இருக்காது. முன்னது 80,000-லேயே அடைத்திருக்கலாம்.

ஆகவே மேனிஃபோல்டைக் கழற்றும் முன்பே ஸ்கேனர் (ஈசியூ பதிந்த பிழைக் குறிகளைப் படிக்கும் கருவி) போடுங்கள். பி0299 என்ற பிழைக் குறி (கோடு) வந்தால் பூஸ்ட், அதாவது டர்போ தரும் அழுத்தம், குறைவு: கிழிந்த ஹோஸ், தளர்ந்த கிளிப், டர்போவுக்குள் இருக்கும் இதழ்கள் ஒட்டிக்கொள்வது என்று மேனிஃபோல்டுக்கு வெளியேதான் முதலில் தேட வேண்டும். பி0401 என்றால் ஈஜிஆர் ஓட்டம் போதவில்லை, பி0402 என்றால் அளவுக்கு மீறி வருகிறது. ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் இன்னொரு எளிய சோதனை உண்டு. எஞ்சின் சூடான பிறகு ஐடிலிங்கில் ஸ்கேனர் மூலம் ஈஜிஆரை மூடச் சொல்லிவிட்டு, ஒரு அடிப்புக்கு (பிஸ்டன் ஒரு முறை காற்றை இழுப்பதற்கு) எத்தனை மில்லிகிராம் காற்று போகிறது என்று பாருங்கள். ஒரு சிலிண்டர் எத்தனை சிசியோ ஏறக்குறைய அத்தனை மில்லிகிராம் வர வேண்டும். 2 லிட்டர் நான்கு சிலிண்டர் என்றால் 500-ஐ ஒட்டி. ஈஜிஆர் திறந்திருக்கும்போது அது பாதிக்குப் பக்கமாக இறங்கும். மூடச் சொல்லியும் எண் ஏறவில்லை என்றால் வால்வு மூடவில்லை, அல்லது சென்சார் அழுக்கு, அல்லது வாய் அடைப்பு. சென்சாரைச் சுத்தம் செய்வது மலிவு, அதிலிருந்து தொடங்கலாம். கடைசியாக ஈஜிஆர் சேரும் முழங்கைக் குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை. இத்தனைக்கும் பிறகு அடைப்பு கண்ணில் பட்டால்தான் மேனிஃபோல்டுப் பேச்சே.

இப்போது நான்கு வழிகள் இருக்கின்றன. இருப்பதையே சுத்தம் செய்து மாட்டுவது, கம்பெனி பார்ட் புதிதாக வாங்குவது, செகண்ட்ஸ் (பழைய வண்டியிலிருந்து கழற்றியது) வாங்குவது, வெளிச்சந்தைக் காப்பி வாங்குவது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மேனிஃபோல்டு எதனால் ஆனது, உள்ளே காற்று வழியை மூடித் திறக்கும் தட்டு இருக்கிறதா என்ற இரண்டும் சேர்ந்து சொல்லிவிடும்.

தட்டு இல்லாத வெறும் அலுமினிய வார்ப்பு என்றால், என் அபிப்பிராயத்தில் வேறு எதையும் யோசிக்கவே தேவையில்லை. விரிசலும் வளைவும் இல்லாதவரை சுத்தம் செய்து அதையே மாட்டுங்கள். அலுமினியம் கார்பனால் கெடுவதில்லை. எஞ்சினோடு பொருந்தும் அதன் முகத்தைச் சமதளமான கண்ணாடிப் பலகையில் வைத்தோ, முகத்தின் மேல் நேர்ச் சட்டத்தை வைத்தோ ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.10 மி.மீ. தகடு எங்கும் நுழையாவிட்டால் முகம் நன்றாக இருக்கிறது. நுழைந்தால் லேத்தில் லேசாக முகம் எடுக்கலாம். ஈஜிஆர் குழாய் வந்து சேரும் ஃப்ளாஞ்சை (இணைப்பு விளிம்பை) சுற்றிக் கண்ணை ஓட்டுங்கள். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் படுவதால் விரிசல் விட்டால் அங்கேதான் விடும்.

சுத்தம் செய்வதில் நடக்கும் பெரிய தவறு காஸ்டிக் சோடா. இரும்பு பிளாக்கைப் போடும் காஸ்டிக் தொட்டியில் அலுமினிய மேனிஃபோல்டையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். காஸ்டிக் அலுமினியத்தையே தின்னும். நுரைத்து வருவது ஹைட்ரஜன் வாயு, பக்கத்தில் பீடி பற்ற வைத்தால் போதும். வெளியே எடுக்கும்போது கார்பன் போனதோடு, கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் தகடு) உட்காரும் முகமும் சொரசொரப்பாகி, போல்ட் துளைகளின் மரையும் மெலிந்திருக்கும். ஒரு இரவு டீசலில் ஊறப் போட்டு, மறுநாள் மரக்குச்சியாலும் ஒயர் பிரஷ்ஷாலும் கிளறி எடுத்து, அலுமினியத்துக்கு ஆகும் டீகிரீசரால் கழுவி, பிரஷர் வாஷர் அடித்து, வெயிலில் முழுக்க உலர்த்தினால் போதும். இரண்டு தடவை ஊறப் போட வேண்டி வரலாம். பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த கம்பி ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. காந்தத்தைக் கம்பியில் கட்டி ஒவ்வொரு வாய்க்குள்ளும் விட்டு எடுங்கள்.

மேனிஃபோல்டைக் கழற்றாமலே ‘கிளீனர்’ அடிப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஓடும்போது காற்று வழியில் ஸ்ப்ரே அடித்துக் கார்பனைக் கரைக்கிறோம் என்கிறார்கள். ஸ்விஃப்ட் டீசலில் உள்ளது போன்ற 1,248 சிசி எஞ்சினில் ஒரு சிலிண்டர் 312 சிசி. அழுத்த விகிதம் 17-க்கும் 18-க்கும் இடையில். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 19 மில்லி, அதாவது நான்கு தேக்கரண்டிக்கும் குறைவு. திரவம் அமுங்காது. மேனிஃபோல்டின் பள்ளத்தில் தேங்கி நின்ற கிளீனர் ஒரே மூச்சில் அந்த அளவுக்குச் சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளையும். ராடு வளையாமல் தப்பினாலும், பெயர்ந்து வரும் கடினக் கார்பன் துண்டு இன்டேக் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மாட்டி கம்ப்ரஷனைக் கெடுக்கும். லேசாகப் படிந்த நிலையில் பராமரிப்பாக அடிப்பது வேறு. 8 மி.மீ. ஏறிய பிறகு அடிப்பது சூதாட்டம்.

அடுத்தது தட்டுள்ள பிளாஸ்டிக் மேனிஃபோல்டு. தேர்ந்தெடுக்கும் சிரமம் உண்மையில் இங்கேதான் இருக்கிறது. 16 வால்வு டீசலில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு காற்று வழிகள். குறைந்த வேகத்தில் அவற்றில் ஒன்றைத் தட்டு மூடிவிடும். எல்லாக் காற்றும் மற்றொன்றின் வழியாகச் சுழன்று உள்ளே போய் டீசலோடு நன்றாகக் கலக்கும். வேகம் ஏறியதும் தட்டு திறக்கும். இந்தத் தட்டுகளை ஒரே தண்டு இணைக்கிறது. அதை ஒரு மோட்டாரோ வாக்குவம் டப்பாவோ இழுக்கிறது. கார்பன் ஏறினால் தண்டு இறுகும். இறுகிய தண்டை மோட்டார் வலிந்து இழுக்கும்போது தேய்வது பிளாஸ்டிக் நெம்புகோலும் அதன் முட்டுக்கட்டையும்தான்.

ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் 2 லிட்டர் காமன் ரெயில் டிடிஐ டீசல் எஞ்சினில் இது உலகமறிந்த நோய். நெம்புகோல் தன் எல்லையைத் தாண்டிப் போவதால் நிலை காட்டும் சென்சார் குழம்பி பி2015 என்ற கோடு விழும். இந்த எஞ்சின் ஸ்கோடா லாராவிலும் சூப்பர்பிலும் இந்தியாவில் ஓடுகிறது. இதற்கென்று ஒரு சிறிய உலோகக் கிளிப் விற்கிறார்கள். முட்டுக்கட்டை தேய்ந்த இடத்தில் அதை மாட்டினால் கோடு போய்விடும். தண்டு கையால் தொட்டாலே ஆட்டமில்லாமல் லேசாகச் சுழலும் நிலையில் இருந்து, தேய்ந்தது முட்டு மட்டும் என்றால் கிளிப் போடுவதில் தவறில்லை. தண்டு இறுகியிருந்தாலோ, தட்டுகளைக் கையால் அசைத்தால் தடதடவென்று ஆடினாலோ, கிளிப் சில மாதங்களை வாங்கித் தரும், அவ்வளவுதான். அந்த நிலையில் புது மேனிஃபோல்டுதான் வழி. அதுவும் மோட்டாரும் சென்சாரும் சேர்ந்து ஒரே தொகுப்பாக வரும் கம்பெனி பார்ட். பழைய மோட்டாரைப் புது மேனிஃபோல்டுக்கு மாற்றிப் போட்டுக் காசு மிச்சம் பிடிக்கப் பார்த்தால் அதே கோடு திரும்பி வரலாம்.

உலோகத் தட்டில் ஆபத்து வேறு மாதிரி. 2000-களின் பிஎம்டபிள்யூ டீசல்களில் தட்டைத் தண்டோடு பிடிக்கும் சிறு ஸ்க்ரூவோ தண்டோ முறிந்து, தட்டு நேராகச் சிலிண்டருக்குள் விழுந்து பிஸ்டனையும் வால்வையும் நாசம் செய்தது. அதனால் அந்த எஞ்சின்களில் தட்டையே எடுத்துவிட்டு மூடி போட்டுவிடுவது வழக்கமானது. அதைப் பார்த்து எல்லா டீசலிலும் தட்டைப் பிடுங்கச் சொல்வது சரியில்லை. மோட்டாரிலிருந்து நிலைத் தகவல் எதிர்பார்க்கும் ஈசியூ, அது வராவிட்டால் விளக்கை எரியவிட்டு லிம்ப் மோடுக்கு (எஞ்சின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும் நிலைக்கு) போகும். குறைந்த வேகத்தில் புகையும் கூடும்.

பிளாஸ்டிக்கைச் சுத்தம் செய்யும்போது மோட்டாரையும் சென்சாரையும் கழற்றிய பிறகே நனைக்க வேண்டும். சூடு காட்டக் கூடாது, அமிலம் ஆகாது. பிளாஸ்டிக் மேனிஃபோல்டு இரண்டு பாதிகளாக வார்த்து ஒட்டப்பட்டது. அந்த ஒட்டுத் தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க, வாய்களை அடைத்து மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் செய்தித்தாள் மேல் வையுங்கள். தாளில் கறை விழுந்தால் அது குப்பைக்குத்தான். பூஸ்ட் அழுத்தத்தில் அந்தத் தையல் இன்னும் திறக்கும்.

ஃபோர்டின் 1.4 டிடிசிஐ போன்ற எட்டு வால்வு எஞ்சின்கள் தனி ரகம். அதில் காற்று வழி, எஞ்சின் தலையின் பிளாஸ்டிக் மூடியோடு ஒரே வார்ப்பாக இருக்கிறது. மேனிஃபோல்டு மாற்றுவது என்றால் மூடியையே மாற்றுவது. ஆயில் சீலும் காற்று சீலும் சேர்த்துப் புதிதாகப் போட வேண்டும். ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்த பிறகு செகண்ட்ஸ் தேடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

சென்னையில் செகண்ட்ஸ் என்றால் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை. பெயர் கெட்டுக் கிடந்தாலும் அங்கே நல்ல சரக்கு உண்டு. பார்க்கத் தெரிய வேண்டும். ‘ஸ்விஃப்ட் டீசல் மேனிஃபோல்டு’ என்று கேட்காதீர்கள். ஒரே கார், ஒரே சிசி, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு, மாசு விதிகளான பிஎஸ்3-க்கும் பிஎஸ்4-க்கும் இடையில் ஈஜிஆர் வாயின் இடம் மாறும், சென்சார் துளை கூடும், வாக்குவம் டப்பா போய் மோட்டார் வரும். உங்கள் பழையதைக் கழற்றிக் கையிலேயே கொண்டு போங்கள். வார்ப்பில் உள்ள பார்ட் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள்: போல்ட் துளைகள், வாயின் வடிவம், கேஸ்கெட் பள்ளம் பொருந்த வேண்டும். ஒயரிங்கையோ மற்ற பாகங்களையோ தாங்கும் காதுகள் உடைந்திருக்கிறதா பாருங்கள். வண்டியை இடித்துக் கழற்றியவற்றில் உடைவது அவைதான். அலுமினியத்தில் வெல்டிங் வைத்த தடம் இருந்தால், அதன் மேல் சில்வர் பெயிண்ட் அடித்திருந்தால், அடுத்த கடைக்குப் போங்கள். வாக்குவம் டப்பா இருந்தால் கை பம்ப் மாட்டி 500 மி.மீ. பாதரச அளவுக்கு இழுத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். முள் இறங்கினால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. உள்ளே கார்பன் இருக்கிறதே என்று ஒதுக்க வேண்டாம். பளபளவென்று கழுவி வைத்திருப்பதைத்தான் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும்: காஸ்டிக்கில் கழுவியதா என்று முகத்தை விரல் நகத்தால் உரசிப் பாருங்கள், சொரசொரவென்று வெள்ளையாகத் தெரியும்.

காப்பி மேனிஃபோல்டு, அதாவது தங்கள் பக்கத்தில் சிபாரிசு செய்யப்பட்ட வகை. அலுமினியத்தை மணல் அச்சில் வார்க்கிறார்கள். குழாயின் உட்பகுதிக்கு மணலால் ஆன கரு வைப்பார்கள். வார்த்த பிறகு அதை உடைத்து வெளியே தட்டிவிட வேண்டும். நல்ல தொழிற்சாலை அதை முழுக்க எடுத்துவிடும். அவசரத்தில் வார்க்கிறவர்களின் சரக்கில் வளைவின் உட்பக்கத்தில் மணல் ஒட்டிக்கொண்டு நிற்கும். எஞ்சின் சூடேறி அதிர அதிர அது கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து சிலிண்டருக்குள் போகும். ஏர் ஃபில்டர் மேனிஃபோல்டுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. இந்த மணலைத் தடுக்க நடுவில் எதுவும் இல்லை. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் ஆயில் குடிக்கத் தொடங்கும். புதிதாக வாங்கிய காப்பியை மர சுத்தியலால் எல்லாப் பக்கமும் தட்டி, கம்ப்ரஸர் காற்று அடித்து, ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு வாய்க்குள்ளும் இழுத்து எடுங்கள். துணியில் மணல் வந்தால் திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர் வாங்க மறுத்தால், மணல் வராத வரை கழுவுங்கள். வார்ப்பின் தையலில் துருத்தி நிற்கும் மெல்லிய தகட்டையும் ராவி எடுக்க வேண்டும்.

ரப்பர் வளையம் உட்காரும் வகையென்றால் பள்ளத்தின் ஆழமும் காப்பிகளில் தப்பும். வளையத்தைப் பள்ளத்தில் உட்கார வைத்தால் முகத்துக்கு மேலே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் துருத்தி நிற்க வேண்டும். அமுங்கி உள்ளே போய்விட்டால் பூஸ்ட் கசியும். அதற்கு சிலிக்கான் பேஸ்ட் தடவி ஈடு கட்டுவார்கள். உள்ளே பிதுங்கிய பேஸ்ட் காய்ந்து துண்டாகப் பிய்ந்து வால்வுக்குப் போகும். ஸ்டீல் குழாயை வெட்டி வெல்ட் செய்த கைவேலை மேனிஃபோல்டுகளுக்கும் இதே கதை. உட்பக்கம் ஒட்டிய வெல்டிங் துளிகள் உதிரும், டீசலின் அதிர்வில் இணைப்பு வெடிக்கும். பந்தயத்துக்காக இன்ஜெக்டர், டர்போ எல்லாவற்றையும் மாற்றியவருக்கு அது தேவைப்படலாம். மூன்று லட்சம் ஓடிய இன்னோவாவுக்குத் தேவையில்லை.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது, எஞ்சின் தலையில் உள்ள வாய்கள். மேனிஃபோல்டு அடைத்திருந்தால் அவையும் அடைத்திருக்கும். ஒவ்வொரு சிலிண்டராக இன்டேக் வால்வு மூடிய நிலைக்குக் கிராங்கைத் திருப்பி, சுரண்டி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். மற்ற வாய்களைத் துணியால் அடைத்து, எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணிக் குறித்து வையுங்கள். பல எஞ்சின்களில் மேனிஃபோல்டு வெளியே வர இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொண்டு போகும் காமன் ரெயிலின் உயரழுத்தக் குழாய்களைக் கழற்ற வேண்டும். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் நிற்கும் குழாய். எஞ்சினை நிறுத்தி அழுத்தம் இறங்கும்வரை காத்திருந்துதான் நட்டைத் தொட வேண்டும். திறந்த வாய்களை உடனே மூடியால் அடைக்காவிட்டால் ஒரு சிட்டிகைத் தூசி இன்ஜெக்டரைக் கெடுக்கும்.

கேஸ்கெட் எப்போதும் புதிது. போல்ட்டை நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி, இரண்டு சுற்றாக இறுக்குங்கள். ஒர்க்ஷாப் கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்கு விசையின் அளவு)தான் முடிவு. பொதுவாக எம்6 போல்ட் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், எம்8 என்றால் 20 முதல் 25. பிளாஸ்டிக் மேனிஃபோல்டில் ஒரு போல்ட்டைக் கூடுதலாக இறுக்கினால் காது உடைவதோடு, எதிர்ப்பக்கம் தூக்கிக்கொண்டு கசியும். முடிந்ததும் டர்போவுக்கு முன்னால் ஒரு அடைப்பான் வைத்து 0.5 பார் காற்று ஏற்றி, எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் அங்கே கசிவு. பிறகு ஸ்கேனரில் கோடுகளை அழித்து, தட்டுக்கும் ஈஜிஆருக்கும் அடிப்படை அளவைக் கற்றுக்கொடுக்கும் வேலையைச் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டு ‘புது மேனிஃபோல்டு சரியில்லை’ என்று கடையில் சண்டை போடுகிறவர்கள் நிறைய.

இவ்வளவு தொல்லைக்கும் காரணம் ஈஜிஆர்தானே, அதில் ஒரு தகட்டை வைத்து அடைத்துவிடலாமே என்று கேட்பார்கள். மேனிஃபோல்டு சுத்தமாக இருக்கும், உண்மைதான். ஆனால் எரியும் வெப்பம் ஏறி நைட்ரஜன் ஆக்சைடு கூடும். ஓட்டம் வரவில்லை என்று பி0401 விழும். கம்பெனி கொடுத்த மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பை முடக்குவது சட்டப்படியும் குற்றம்.  புகைச் சோதனை நிலையத்தின் கருவி கரும்புகையை மட்டுமே அளப்பதால் ஈஜிஆரை அடைத்த வண்டியும் அங்கே தேறிவிடும். தேறிவிட்டதாலேயே அது சரியாகிவிடாது. ஒழுங்காக மூடித் திறக்கும் ஈஜிஆர் வால்வும் மேல் கோட்டைத் தாண்டாத ஆயிலும் இருந்தால், தகடு வைக்காமலே மேனிஃபோல்டு பல ஆண்டுகள் தாங்கும்.

அந்த வாசகர் இதற்குள் ஹை ஃப்ளோ மேனிஃபோல்டை வாங்கிவிட்டிருக்கக் கூடும். வேறு எதையும் வெளியிட இடமில்லாவிட்டாலும், ‘ஈர வெள்ளைத் துணியை உள்ளே இழுத்து மணல் இருக்கிறதா என்று பார்க்காமல் மாட்ட வேண்டாம்’ என்ற ஒரு வரியை அடுத்த வாரப் பக்கத்தில் அவருக்காகப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
டீசல் மெக்கானிக் ஒருவர்,
ஈரோடு.